பதினொன்று பத்து

வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி அரை கிலோமீட்டர்.
வஞ்சிமுத்து வீடு கேரளம்.
கொல்லையின் கடைசி வரப்பு தமிழ்நாடு.
வரப்பில் நிற்கிற தென்னை அண்ணன் கிட்டுச்சாமியுடையது.
பாகப் பத்திரத்தில் மரத்துக்கு எண் உண்டு, ஏழு.
மட்டைக்கு இல்லை.

நான் டிஷ் மாட்டுகிறவன்.
பதினாறு வருஷத்தில் எத்தனை மொட்டைமாடி, எத்தனை நாய்.
எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஒரே திசை,
அக்னி மூலை.
அங்கே ஒன்று நிற்கிறது என்பேன்.
உண்மையில் நிற்கவில்லை,
பூமி சுற்றுகிற வேகத்துக்கே ஓடுகிறது,
அதனால் நிற்கிறது.
கேட்டவர்கள் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை,
மாதம் எவ்வளவு ஆகும் என்பதைத் தவிர.

முதல் அழைப்பு ஆடியில்.
கணவாய்க் காற்று மேற்கிலிருந்து நெட்டித் தள்ளுகிற மாதம்.
காற்று அடித்தால் மட்டை கிழக்கே ஒதுங்கும், படம் வரும்.
ஓய்ந்தால் மட்டை தன் இடத்துக்குத் திரும்பும்.
செய்தி வாசிக்கிற பெண்
திறந்த வாயோடு கட்டம் கட்டமாய் உறைவாள்.
அடுப்படியிலிருந்து வேலாத்தாள்
"காத்து நின்னுருச்சா?" என்பாள்.

டிஷ்ஷை அந்த மூலைக்கு மாற்றிவிடலாம், முந்நூறு ரூபாய் என்றேன்.
"மரம் மாறட்டும்" என்றார் வஞ்சிமுத்து.
"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஒருத்தனும் மறிக்கலை.
கடைசி இருபது அடியில எங்கண்ணன்."

பங்குனி பிறந்ததும் மறுபடி அழைப்பு.
மூன்று நாளாய் பதினொன்று பத்துக்குப் படம் போகிறது,
கொஞ்ச நேரத்தில் தானே வருகிறது.
"காத்து இல்லை, மழை இல்லை, துண்டு மேகம் இல்லை.
அவன்தான் கண்ணாடி வெச்சு அடிக்கிறான்."

காரணம் எனக்குத் தெரியும். இருந்தும் போனேன்,
வந்துபோகிற கூலி இருநூறு.
மாடியில் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்:
இந்த நாலைந்து நாள் சூரியன்
சரியாக அதற்குப் பின்னால் வந்து நிற்கும்.
நோம்பிச் சாட்டு மைக்செட் குழாய்க்கு அடியில் நின்று
ஒருத்தர் ரகசியம் சொன்னால் எப்படிக் கேட்கும், அப்படி.

அவர் நம்பவில்லை. நிழலைக் காட்டினேன்.
மற்ற நாளில் நிழல் நிழல்தான்.
இந்தப் பத்து நிமிஷம் மட்டும்
அது வருகிற வழியில் எது குறுக்கே இருக்கிறதோ
அதன் நிழல் டிஷ்ஷில் விழுந்தே தீரும்.

குத்தவைத்தார்.
எட்டு மாதக் கோபத்தோடு ஒரு நிழலுக்குக் காத்திருந்தார்.

பதினொன்று பத்து.
வட்டத்து வெயிலெல்லாம் குவிந்து
எல்என்பி முகத்தில் காசளவு வெளிச்சம்.
கீழே டிவி கப்பென்று அடங்கியது.
கைப்பிடிச் சுவரில் இடதுபக்கம் ஒரு மட்டை நிழல்,
வலதுபக்கம் ஒன்று.
நடுவில் டிஷ்,
கழுவிக் கவிழ்த்த வட்டில் மாதிரி வெள்ளையாய்.

இருவரும் அண்ணாந்தோம்.
ஏழாம் நம்பர் தென்னையின் தலையில் ஓரிடம் காலி.
கொத்துக் கொத்தாய் இளங்காய் நிற்க,
ஒரே ஒரு மட்டையின் அடி மட்டும்
சாம்பல் பூத்து நீட்டிக்கொண்டிருந்தது.

"காஞ்சு விழுந்திருக்கும்" என்றார்.

காய்ந்த மட்டை அடியோடு கழன்று வரும்.
இது சாய்வாய் அரிவாள் பட்ட வெட்டு,
தை மாதத்து வெட்டாக இருக்கலாம்.
படம் தையிலிருந்துதான் ஒழுங்காய் வருகிறது
என்று போனில் அவரே சொல்லியிருந்தார்.
நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்.
பனியன் போட்ட ஒரு முதுகு
குனிந்து மடை மாற்றிக்கொண்டிருந்தது,
நிமிரவில்லை.

"வந்துருச்சு" என்றாள் வேலாத்தாள் கீழிருந்து.

நாளைக்கும் போகும், பயப்பட வேண்டாம்.
அப்புறம் புரட்டாசியில்தான் என்றேன்.
இருநூறை எண்ணிக் கொடுத்தார், ரசீது கேட்டார்,
நான் இறங்குவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
பாதிப் படியில் இருக்கும்போது மேலேயிருந்து குரல்:

"புரட்டாசியில எத்தனை மணிக்கு?"